நல்ல பிள்ளைகளையும் கவனியுங்கள்: நீலகிரி விடுதிப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரி மலையில் விடுதிப் பள்ளிகளை நடத்தும் தாளாளர்கள், முதல்வர்கள், வார்டன்கள், மேட்ரன்கள், சிக் ரூம் செவிலியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் கோத்தகிரியில் இருக்கிறேன். செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் அக்கா குடும்பம் திருப்பூரில் பனியன் தொழிலில் இருக்கிறது. அக்காவின் மகள் இந்த மலையில் ஒரு விடுதிப் பள்ளியில் படித்தாள். நான்தான் அவளுக்கு லோக்கல் கார்டியன். அவுட்டிங் நாட்களில் கையெழுத்துப் போட்டு அழைத்து வருவதும், சாயங்காலம் ரோல் கால் எடுப்பதற்குள் கொண்டுபோய் விடுவதும் என் பொறுப்பு. அவள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அனோரெக்சியா நெர்வோசா என்ற நோய் அவளைப் பிடித்தது. சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து, உடம்பு உருகி, நாடி தளர்ந்து, கோயம்புத்தூரில் மருத்துவமனையில் சேர்க்கும் நிலைக்கு வந்தாள். இப்போது தேறிவிட்டாள். அவளிடமும் அக்காவிடமும் அனுமதி கேட்டு, இருவருக்கும் படித்துக் காட்டிய பிறகே இதை வெளியிடுகிறேன். பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒரு பள்ளியைக் காட்டிக்கொடுப்பதால் மற்றப் பள்ளிகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு நன்மையும் வராது.

அவள் நோய் வெளியே தெரிந்த அன்று அக்காவை அலுவலகத்தில் உட்காரவைத்துச் சொன்னார்கள்: வீட்டில் ரொம்பச் செல்லம் கொடுத்துவிட்டீர்கள், லீவில் போனில் எதையாவது பார்த்துவிட்டு ஒல்லியாக வேண்டும் என்று ஆரம்பித்திருப்பாள், இது அடம், இரண்டு நாள் கண்டிப்பாக இருந்தால் சரியாகிவிடும். அக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அதே வாரம் எங்கள் சொந்தக்காரர்கள் பள்ளியைத் திட்டினார்கள், விடுதியில் போட்டதால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று. இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருந்தது ஒரே கேள்வியை: யார் மேல் தப்பு? இந்தக் குடும்பத்தில் இதற்கு முன் யாருக்காவது இப்படி இருந்ததா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

இருந்தது. அக்கா கல்லூரி விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் எலும்பும் தோலுமாகி, மாதவிலக்கு நின்றுபோனது. டிபியாக இருக்குமோ என்று சளியும் எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். மெல்ல மெல்லத் தேறினாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் காலத்தைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் அம்மாவோ செவ்வாய், வெள்ளி, சஷ்டி, ஏகாதசி ஒன்றையும் விடாமல் விரதம் இருந்தவர். அதை நோய் என்று சொல்ல நான் வரவில்லை. பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர்கள் வரிசை மாறியிருந்தால் ராத்திரி எழுந்து சரிசெய்துவிட்டுத்தான் படுப்பார். பேத்தி நோட்டில் ஓர் எழுத்து பிசகினால் பக்கத்தையே கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவாள். சேர்க்கையின்போது பள்ளி கொடுத்த படிவத்தில் ஆஸ்துமா உண்டா, வலிப்பு உண்டா, அலர்ஜி உண்டா, தடுப்பூசி போட்டாயிற்றா என்றெல்லாம் கேட்டிருந்தது. இதைப் பற்றி ஒரு வரி இல்லை. கேட்டிருந்தால் அக்கா சொல்லியிருப்பாள்.

இந்த நோய்க்குக் குடும்பத்தின் மேல் பழி போடுவது இன்று நேற்றுப் பழக்கமில்லை. லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவர் 1874இல் இந்த நோய்க்கு அனோரெக்சியா நெர்வோசா என்று பெயர் வைத்து எழுதியபோதே, இவர்களைப் பார்த்துக்கொள்ளச் சொந்தக்காரர்களைப் போல மோசமான ஆட்கள் இல்லை என்ற பொருளில் எழுதினார். அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேல் மருத்துவ உலகம் தாயைத்தான் உற்றுப் பார்த்தது. அந்தப் பார்வையை மாற்றியது இரட்டைப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகள்.

1984இல் லண்டனில் ஹாலண்ட் குழுவினர் இரட்டைப் பெண்களில் ஒருத்திக்காவது இந்த நோய் இருந்த ஜோடிகளைத் தேடிப் பார்த்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த, அச்சு அசலான இரட்டையர் 16 ஜோடியில் 9 ஜோடிக்கு இருவருக்குமே நோய் இருந்தது. தனித்தனிக் கருவில் உருவான இரட்டையர் 14 ஜோடியில் ஒரே ஒரு ஜோடிக்குத்தான் அப்படி. இருவகையினரும் ஒரே வீட்டில், ஒரே தாய் பரிமாறிய சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான். வளர்ப்பு மட்டுமே காரணம் என்றால் இவ்வளவு பெரிய வித்தியாசம் வந்திருக்காது. 2000இல் அமெரிக்காவில் ஸ்ட்ரோபர் குழுவினர் நோயாளிகளின் தாய், சகோதரிகள், மகள்கள் ஆகியோரை ஆராய்ந்தார்கள். மற்றக் குடும்பத்துப் பெண்களைவிட இவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 11 மடங்கு என்று கண்டார்கள். 2006இல் சிந்தியா புலிக் குழுவினர் சுவீடனின் இரட்டையர் பதிவேட்டில் உள்ள 31,406 பேரின் விவரங்களை வைத்துக் கணக்கிட்டதில் மரபின் பங்கு 56 சதவீதம் என்று வந்தது. வாந்தியோடு வரும் புலிமியாவுக்கும், கட்டுப்பாடில்லாமல் அள்ளிச் சாப்பிடும் பிஞ்ச் ஈட்டிங் கோளாறுக்கும்கூட மரபின் பங்கு பெரியதாகத்தான் இருக்கிறது.

இந்த 56 சதவீதத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு பிள்ளையின் நோயில் பாதிக்கு மேல் அம்மாவிடமிருந்து வந்தது, மீதி விடுதியில் வந்தது என்று பிரித்துச் சொல்வதற்கான கணக்கில்லை இது. ஒரு மக்கள்கூட்டத்தில் சிலருக்கு நோய் வருகிறது, பலருக்கு வருவதில்லை. அந்த வித்தியாசத்தில் எவ்வளவை மரபணு வித்தியாசம் விளக்குகிறது என்பதுதான் கணக்கு. 11 மடங்கு என்பதைக் கேட்டும் பயந்துவிட வேண்டாம். அந்தச் சுவீடன் கணக்கில் பெண்களில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று அதிகமானோருக்குத்தான் இந்த நோய் இருந்தது. அவ்வளவு அரிதான ஒன்று 11 மடங்கு ஆனாலும், நோய் இருக்கும் குடும்பத்துப் பெண்களில் பெரும்பாலோருக்கு அது வரவே வராது.

மரபு நோய் என்றால் இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சிக்கிள் செல் என்ற ரத்த நோய். இந்தியாவில் அந்த நோயின் கூறு முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே இங்கேதான், 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்த லேமனும் கட்புஷும் எழுதிய கட்டுரையில். அங்கே ஒரே ஒரு மரபணுவில் ஒரே ஒரு மாற்றம். அப்பா, அம்மா இருவரும் அதைச் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. ரத்தம் எடுத்துச் சோதித்தால் உண்டு, இல்லை என்று தெரிந்துவிடும். உண்ணும் கோளாறுகள் அப்படி வருவதில்லை. நூற்றுக்கணக்கான, ஒருவேளை ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன மரபணு வேறுபாடுகள் சேர்ந்துதான் ஒரு சாய்வை உண்டாக்குகின்றன. 2019இல் 17 நாடுகளிலிருந்து 16,992 நோயாளிகளின் மரபணுவை நோயில்லாத 55,525 பேரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தெளிவாகச் சிக்கியவை 8 இடங்கள் மட்டுமே, ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. அதனால் எச்சிலை அனுப்பினால் உங்கள் பிள்ளைக்கு அனோரெக்சியா வருமா என்று சொல்கிறோம் என யாராவது வந்தால் நம்பாதீர்கள். அந்த ஆய்வில் இருந்தவர்கள் எல்லோரும் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதையும் மனதில் வையுங்கள். நம் மக்களின் மரபணு அந்தக் கணக்கில் இல்லை. நம்மிடம் இருக்கும் சோதனை குடும்பக் கதையைக் கேட்பதுதான்.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. அனோரெக்சியாவின் மரபு, ஓசிடி (ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் கோளாறு), மனச்சோர்வு, பதற்றம் இவற்றின் மரபோடு பின்னிக் கிடக்கிறது. அதோடு இன்சுலின், கொழுப்பு, உடல் எடை இவற்றை நிர்ணயிக்கும் மரபோடும், அதிகமாக ஓடியாடும் உடல் இயல்போடும் தொடர்பு இருக்கிறது. நோயை மனத்தோடு மட்டும் நிறுத்தாமல் உடம்பின் வளர்சிதை மாற்றத்தோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் எழுதியதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். எடை குறையக் குறைய நம்மில் பெரும்பாலோருக்குப் பசி கொல்லும், கை கால் ஓய்ந்து போகும். என் அக்கா மகளுக்கு எடை குறையக் குறையத் தெம்பு வந்ததுபோல இருந்தது. கிராஸ் கன்ட்ரி ஓட்டம் முடிந்து எல்லோரும் மூச்சு வாங்க உட்கார்ந்த பிறகும் அவள் இன்னொரு சுற்று ஓடினாள். அதற்காக அசெம்பிளியில் கைதட்டினார்கள்.

கைதட்டியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நோயோடு கூடவே குடும்பத்தில் இறங்கி வரும் குணங்கள், பள்ளி பரிசு கொடுக்கும் குணங்கள்தான். உங்களிடம் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான்.

2003இல் லண்டனில் அன்டர்லூ குழுவினர் அனோரெக்சியாவோ புலிமியாவோ வந்த பெண்களிடம் அவர்களுடைய சிறுவயதுக் குணங்களைப் பற்றி ஐந்து விஷயங்கள் விசாரித்தார்கள். எதிலும் பிசகு கூடாது என்ற பிடிப்பு, திட்டம் மாறினால் தாங்கமுடியாமை, விதிகளை இம்மி பிசகாமல் பின்பற்றுவது, ஒழுங்கும் வரிசையும் வேண்டும் என்ற தவிப்பு, எல்லாவற்றிலும் சந்தேகமும் அதீத எச்சரிக்கையும். இவற்றில் ஒவ்வொரு குணம் கூடும்போதும் நோய்க்கான வாய்ப்பு ஏறக்குறைய ஏழு மடங்காகப் பெருகியது. பெரியவர்களாகிய பிறகு நினைவிலிருந்து சொன்னவை அவை, சிறிய ஆய்வும்கூட. ஆனால் முன்னோக்கிப் பார்த்த கணக்கும் இருக்கிறது. சுவீடன் இரட்டையரில் 1972, 73 ஆண்டுகளிலேயே குண இயல்பை அளந்து வைத்திருந்தார்கள். அப்போது எளிதில் கலங்கும், கவலைப்படும் இயல்பு அதிகமாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் அனோரெக்சியா வரும் வாய்ப்பும் அதிகமாக இருந்தது. நோய் வராத சகோதரிகளையும் சோதித்திருக்கிறார்கள். ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கு மனத்தைச் சட்டென்று மாற்றிக்கொள்வதில் நோயாளிக்கு இருக்கும் அதே சிரமம், நன்றாகச் சாப்பிடும் அவள் சகோதரிக்கும் இருந்தது. எடை திரும்பி வந்து, நோய் தீர்ந்த பிறகும் இந்தக் குணங்களில் பல கூடவே இருக்கின்றன. அதனால்தான் பட்டினியால் வந்த குணம் என்று ஒதுக்கிவிட முடிவதில்லை.

இந்தக் குணங்கள் உள்ள பிள்ளை உங்கள் விடுதியில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மணி அடிப்பதற்கு முன்பே எழுந்திருக்கும். கப்போர்டு இன்ஸ்பெக்‌ஷனில் முதல் மதிப்பெண் வாங்கும். ஸ்டடி அவரில் தலையைத் தூக்காது. எதையும் கேட்டு வராது. வீட்டிலிருந்து வந்த தின்பண்டப் பெட்டியான டக் பாக்ஸை மற்றவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிடும், எல்லோரும் மெச்சுவார்கள். மேட்ரனுக்கு ஒரு தொல்லையும் தராது. நூறு பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் ஒரு மேட்ரன் அழுகிற பிள்ளை, அடித்துக்கொள்கிற பிள்ளை, காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையைத்தான் பார்க்க முடியும். நல்ல பிள்ளை யார் கண்ணிலும் படாது. என் அக்கா மகளுக்கு அந்த வருடம் ஒழுங்குக்கான பரிசு கிடைத்தது. மேடையில் அவள் ஸ்வெட்டருக்குள் எவ்வளவு மீந்திருந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

இப்படிச் சொல்வதால் நேர்த்தியான பிள்ளைகளை எல்லாம் நோயாளிகளாகப் பார்க்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் குணம் அவர்களின் சொத்து. என் அக்கா இன்று கணக்கு வழக்கில் ஒரு பைசா பிசகாமல் தொழிலை நடத்துவது அந்தக் குணத்தால்தான். புலிமியா வேறு மாதிரி என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே உணர்ச்சி வேகம், பொறுக்கமுடியாமல் சட்டென்று செய்துவிடும் இயல்பு இவையும் கூடி வருகின்றன. அப்படிப்பட்ட பிள்ளையை ஒழுங்கில்லாதது என்று தண்டிப்பது சுலபம். சாப்பிட்ட கையோடு பாத்ரூமில் அதிக நேரம், கன்னத்தின் இருபுறமும் வீக்கம், பல்லின் எனாமல் கரைவது, விரல் முட்டியில் காய்ப்பு. இவற்றை மேட்ரனும் பள்ளிக்கு வரும் பல் மருத்துவரும் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

வயதையும் கவனியுங்கள். அமெரிக்காவில் மின்னசோட்டாவின் இரட்டைப் பெண்களைத் தொடர்ந்து கவனித்த கெல்லி கிளம்ப் குழுவினர், பருவமடையாத 11 வயதுப் பெண்களிடம் சாப்பாட்டைப் பற்றிய கோளாறான எண்ணங்களில் மரபின் பங்கு கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை என்றும், பருவமடைந்தவர்களிடம் அது பாதிக்கு மேல் போகிறது என்றும் கண்டார்கள். உடம்பு மாறும்போது, அதுவரை சும்மா இருந்த சாய்வு விழித்துக்கொள்கிறது. இந்த மலை ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பிள்ளைகளை விடுதியில் வைத்துப் படிக்கவைக்கிறது. பெரும்பாலோர் ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோதான் பெட்டியோடு வந்து இறங்குகிறார்கள். மரபு விழிக்கும் வயதும் அம்மாவின் கண் விலகும் வயதும் ஒன்றாக வருகின்றன. பையன்களுக்கும் இந்த நோய் வருகிறது, குறைவாக. பெண்களின் நோய் என்ற நினைப்பால் அவர்களைக் கண்டுபிடிப்பது இன்னும் தாமதமாகிறது.

நம் மலையும் இந்த நோயை மறைத்துவிடுகிறது. சமவெளியில் ஒரு பிள்ளை மெலிந்தால் மேல்சட்டையிலேயே தெரியும். இங்கே உள்பனியன், சட்டை, ஸ்வெட்டர், மேலே பிளேசர். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். எல்லோர் கையும்தான் ஜில்லிட்டிருக்கிறது. உடம்பில் கொழுப்பு கரைந்த பிள்ளை நடுங்கினால் ‘இங்கே குளிர் அப்படித்தான், பழகிக்கொள்’ என்கிறோம். தலைசுற்றினால் மலை உயரம். வாந்தி எடுத்தால் மேட்டுப்பாளையம் ரோட்டின் கொண்டை ஊசி வளைவு. ஏறி இறங்குவது இங்கே அன்றாடம் என்பதால் ஒரு பிள்ளை அளவுக்கு மீறி நடப்பதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. மெஸ்ஸிலும் யார் எவ்வளவு தட்டில் போட்டுக்கொண்டார்கள் என்று ஒருவேளை தெரியும். எவ்வளவு வயிற்றுக்குள் போனது என்று தெரியாது. ரசத்தைத் தட்டில் ஊற்றிச் சோற்றை ஒதுக்கி ஒதுக்கிப் பரப்பி வைத்தால் சாப்பிட்ட தட்டு போலவே இருக்கும். இதை அவளே பிறகு எனக்குச் செய்து காட்டினாள்.

ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை வாயில் வந்தால்தான் இந்த நோய் என்றும் காத்திருக்காதீர்கள். ஹாங்காங்கில் சிங் லீ குழுவினர் 1993இல் எழுதிய 70 நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள், குண்டாகிவிடுவோம் என்ற பயத்தைச் சொல்லவே இல்லை. வயிறு உப்புகிறது, பசி இல்லை என்றுதான் சொன்னார்கள். நம் பிள்ளைகளும் பெரும்பாலும் அப்படித்தான் சொல்வார்கள்: நெஞ்சைக் கரிக்கிறது, செரிக்கவில்லை, இன்றைக்குச் சஷ்டி, மெஸ் எண்ணெய் பிடிக்கவில்லை. அக்கா மகளுக்கு மாதக்கணக்கில் கேஸ் மாத்திரைதான் கொடுத்தார்கள்.

மரபு என்று இவ்வளவு சொல்கிறாயே, அப்படியானால் பள்ளி என்ன செய்தாலும் ஒன்றுதானே என்று கேட்கலாம். 2009 நவம்பர் மழையை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. ஒரே மழைதான் எல்லாச் சரிவிலும் பெய்தது, சில சரிவுகள்தான் இறங்கின. பலவீனமான சரிவு எதுவென்று தெரிந்தால் அதன் தலையில் மண்ணை வெட்டாமல் இருக்கலாம், தண்ணீருக்கு வழி வெட்டிவிடலாம். இந்தச் சாய்வு உள்ள பிள்ளைக்கு மழை என்பது பெரும்பாலும் எடை குறைவுதான். அது எந்த வழியில் வந்தாலும் சரி. டயட், விரதம், டைபாய்டு, பரீட்சைப் பதற்றத்தில் விட்ட சாப்பாடு, ஓட்டப் பந்தயத்துக்கான பயிற்சி. பட்டினி தானாகவே மனத்தைத் திருப்பிவிடும் என்பதை 1944, 45இல் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் 36 ஆரோக்கியமான ஆண்களை வைத்துப் பார்த்திருக்கிறார். ஆறு மாதம் அரைவயிறு போட்டதும், எந்தக் கோளாறும் இல்லாத அந்த ஆட்கள் நாள் முழுக்கச் சாப்பாட்டையே நினைத்தார்கள், சமையல் புத்தகம் சேர்த்தார்கள், மணிக்கணக்கில் தட்டை அளைந்தார்கள், எரிந்து விழுந்தார்கள். சாதாரண மனத்துக்கே இப்படி என்றால் மரபின் சாய்வும் உள்ள ஒரு பிள்ளையைப் பட்டினி எங்கே கொண்டு போகும்? அங்கே பள்ளி செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

சரி, உங்களிடம் என்ன கேட்கிறேன் என்று சொல்கிறேன்.

குடும்பக் கதையைக் கேளுங்கள். ஆனால் சேர்க்கை விண்ணப்பத்தில் கேட்காதீர்கள். இதைப் பலமுறை யோசித்துத்தான் சொல்கிறேன். விண்ணப்பத்தில் கேட்டால் உண்மை சொன்ன குடும்பத்துப் பிள்ளைக்கு இடம் மறுக்கப்படும் என்ற பயம் வரும். அந்தப் பயம் நியாயமானது. அப்புறம் எல்லோரும் ‘இல்லை’ என்றே எழுதுவார்கள். இடம் கொடுத்து, கட்டணம் கட்டி, பிள்ளை விடுதிக்கு வந்த பிறகு சிக் ரூம் செவிலியர் தனியாகப் பெற்றோரிடம் பேசட்டும். குடும்பத்தில் யாருக்காவது சாப்பாட்டை விட்டு உடம்பு கெட்டதுண்டா, ஓசிடி, மனச்சோர்வு, தீராத பதற்றம் இருந்ததுண்டா? பிள்ளை எதிலாவது பிசகு வந்தால் எப்படி எடுத்துக்கொள்ளும்? பதில் செவிலியரின் பதிவேட்டில் பூட்டிக் கிடக்கட்டும். வகுப்பாசிரியருக்கோ பியூனுக்கோ அது தெரிய வேண்டியதில்லை.

டெர்ம் தொடக்கத்திலும் முடிவிலும் உயரமும் எடையும் பாருங்கள், ஆனால் திரைக்குப் பின்னால், ஒவ்வொருவராக, எண்ணைச் சத்தமாகச் சொல்லாமல். வரிசையில் நிற்கவைத்துப் பெயர், எடை என்று கூவி எழுதும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். பார்க்க வேண்டியது ஒருநாள் எண்ணை விடப் பிள்ளையின் சொந்தக் கோடு எப்படிப் போகிறது என்பதைத்தான். குண்டாக இருந்த பிள்ளை சட்டென்று மெலிந்தால் பாராட்டாதீர்கள். வளரும் வயதில் எடை ஏறாமல் நின்றாலே விசாரிக்க வேண்டும். எடை குறைப்புப் போட்டி, கலோரி கணக்கெழுதும் புராஜெக்ட் எதுவும் வேண்டாம். பிள்ளைகளின் உடம்பைப் பற்றிப் பட்டப்பெயர் வைக்கும் பி.டி. ஆசிரியரைக் கூப்பிட்டுக் கண்டியுங்கள்.

சந்தேகம் வந்தால் தண்டனை கொடுக்காதீர்கள். தட்டு காலியாகும்வரை எல்லோர் முன்னாலும் உட்காரவைப்பது, அவுட்டிங்கை வெட்டுவது, போனில் பெற்றோரைத் திட்டுவது எதுவும் உதவாது. நாடியைப் பாருங்கள், விழித்திருக்கும்போதே நிமிடத்துக்கு 50க்குக் கீழ் இருந்தாலோ, மயங்கி விழுந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இசிஜியும் பொட்டாசியம், பாஸ்பேட் அளவும் பார்க்கச் சொல்லுங்கள். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் ஒரேயடியாகச் சாப்பாட்டைத் திணிப்பதும் ஆபத்து, பாஸ்பேட் இறங்கி இதயமே நின்றுவிடலாம். அதை மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். மனநோய்களில் உயிரை அதிகம் பறிப்பவற்றில் இது ஒன்று. அதில் இறப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தற்கொலையால் இறக்கிறார்கள் என்று 2011இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. யாரிடம் கேட்பது என்று தெரியாத ராத்திரியில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அந்த எண்ணைச் சிக் ரூம் சுவரிலும் விடுதி போன் பக்கத்திலும் ஒட்டி வையுங்கள்.

பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாதீர்கள். இது மரியாதைக்காக மட்டும் சொல்வதில்லை. வளரிளம் பிள்ளைகளுக்கு இந்த நோயில் நன்றாக நிரூபிக்கப்பட்ட சிகிச்சை, 1980களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பம் சார்ந்த சிகிச்சை. அதில் நோய்க்கு யாரையும் குற்றம் சொல்வதில்லை. முதல் கட்டத்தில் பிள்ளையின் சாப்பாட்டுப் பொறுப்பு முழுவதையும் பெற்றோரே கையில் எடுக்கிறார்கள். எடை ஏறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுக்கிறார்கள். உங்கள் அலுவலகத்தில் அவமானப்பட்டுக் கூனிக் குறுகி வீடு திரும்பும் தாயால் அதைச் செய்ய முடியுமா? என் அக்காவுக்குத் தன் மகள் தட்டுக்கு எதிரே தைரியமாக உட்காரவே வெகுகாலம் ஆனது. இந்த நோயில் மரபுக்குப் பெரிய பங்கு உண்டு, உங்கள் வளர்ப்பால் வந்ததில்லை என்று கோயம்புத்தூர் மருத்துவர் பொறுமையாக விளக்கிய பிறகுதான் அவள் நிமிர்ந்தாள். அதன் பிறகு பிள்ளையும் தேறத் தொடங்கியது. மரபைப் பற்றிய ஓர் உண்மை ஒரு குடும்பத்துக்கு என்ன செய்யும் என்று நான் கண்ணால் பார்த்தேன்.

பிள்ளைக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். என் அக்கா மகளின் விஷயத்தில் அதுதான் நடந்தது, மற்றப் பிள்ளைகளைப் பாதிக்கும் என்று சொன்னார்கள். பள்ளி, தோழிகள், அடுத்த வகுப்பு எல்லாம் ஒரே நாளில் போனது அவளுக்கு நோயைவிடப் பெரிய அடியாக இருந்தது. வலிப்பு வந்த பிள்ளைக்கும் எலும்பு முறிந்த பிள்ளைக்கும் இடத்தை வைத்திருக்கிறீர்கள். இந்தப் பிள்ளைக்கும் வையுங்கள். மருத்துவர் சரி என்று எழுதிக் கொடுத்த பிறகு, முதலில் டே ஸ்காலராக, லோக்கல் கார்டியன் வீட்டிலிருந்து வந்துபோக விடுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு மேட்ரன் பக்கத்தில் உட்காரட்டும், ஓட்டமும் பி.டி.யும் மருத்துவர் சொல்லும்வரை வேண்டாம். இதற்குப் பணச் செலவு எதுவும் இல்லை.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பள்ளிகளின் மேட்ரன்களும் செவிலியர்களும் ஒருநாள் ஒன்றாகக் கூடினால், நான் வந்து நாடி பார்ப்பதிலிருந்து குடும்பக் கதை கேட்பது வரை சொல்லித்தரத் தயாராக இருக்கிறேன். எனக்கு எந்தக் கட்டணமும் வேண்டாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் ஒருவரையும் நீங்கள் அழைத்தால் இன்னும் நல்லது. சனிக்கிழமை என்றால் விடுதிகளுக்கு வசதியாக இருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த கல்வியாண்டில் புதுப் பிள்ளைகள் பெட்டியோடு வந்து இறங்குவதற்கு முன் ஒரு நாளைக் குறித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சித்தி, லோக்கல் கார்டியன்
கோத்தகிரி